சீனிப் பொம்மையும் சூத்தைப் பல்லும்: ஒரு குற்றவாளியைத் தேடிய கதை



நவம்பர் 2ஆம் திகதி இந்த ஊரிலே இறந்தோரை நினைவுகூரும் நாள். அதற்கு முந்திய நாட்களில் பலெர்மோக் கடைகளின் கண்ணாடிக்குப் பின்னால், சீனியால் வார்த்து நிறம் தீட்டிய பொம்மைகள் வரிசையாக நிற்பதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வாளேந்திய வீரன், நடனமாடும் பெண், குதிரை என்று பல உருவங்கள். பக்கத்திலே வாதுமை மாவில் செய்த மார்தொரானாப் பழங்கள். இறந்துபோன உறவினர்கள் இரவோடு இரவாக வந்து பிள்ளைகளுக்கு இவற்றை வைத்துவிட்டுப் போவதாக இவ்வூர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். பள்ளிக்கூடச் சிநேகிதர்களைப் பார்த்து எங்கள் பிள்ளைகளும் கேட்கிறார்கள். நாங்களும் வாங்கிக் கொடுக்கிறோம்.

அப்படி வாங்கிக் கொடுத்த ஒரு தாய் ஒருநாள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அவருடைய நாலு வயது மகளுக்கு முன்பற்கள் சூத்தை. பல் வைத்தியரிடம் கூட்டிச் சென்றபோது, இந்தக் கிருமி பெரும்பாலும் தாயின் வாயிலிருந்துதான் பிள்ளைக்குப் போகிறது என்று சொல்லியிருக்கிறார்கள்.

"அண்ணை, நான் ருசி பார்த்துத் தீத்தின கரண்டியாலதான் வந்ததாம். அப்ப பிள்ளையின்ர பல்லைக் கெடுத்தது நான்தானோ?"

கண் கலங்கியபடி அவர் கேட்ட கேள்விக்கு அன்று என்னால் ஒழுங்கான பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டினேன். இதே கேள்வியை விஞ்ஞானிகளும் நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது தெரிந்தது. பல்லைக் கெடுத்தது யார்? அதை நிரூபிப்பது எப்படி? இந்த மாத உரை அந்தத் தேடலின் வரலாறு.

சீனி இந்த ஊருக்கு வந்த வழி

முதலில் சீனியிலிருந்து தொடங்குவோம். கரும்பைப் பிழிந்து, காய்ச்சி, கட்டியாக்கும் கலை இந்தியாவில் வளர்ந்தது. சர்க்கரா என்ற வடசொல்லே எங்கள் சர்க்கரை. அதுவே அரபியில் சுக்கர் ஆகி, இத்தாலியில் சுக்கெரோ ஆனது. நாங்கள் வாயில் கொண்டுவந்த சொல் எங்களுக்கு முன்பே இங்கு வந்து குடியேறிவிட்டது என்று சொல்லலாம்.

அதைக் கொண்டுவந்தவர்கள் அரபிகள். அவர்கள் 831இல் பலெர்மோவைக் கைப்பற்றினார்கள். அவர்களுடைய காலத்திலேதான் கரும்பும் தோடை, எலுமிச்சை இனங்களும் சிசிலியில் வேரூன்றின. 1072இல் நோர்மானியர் நகரத்தைப் பிடித்த பிறகும் கரும்பு அழியவில்லை. இரண்டாம் வில்லியம் மன்னன் 1176இல் மொன்றியாலே மடத்துக்குக் கொடுத்த தானங்களில் கரும்பு அரைக்கும் ஆலையும் ஒன்று. 1239இல் இரண்டாம் பிரெடெரிக் சக்கரவர்த்தி, சீனி காய்ச்சத் தெரிந்த ஆட்களைப் பலெர்மோவுக்கு அனுப்பும்படி கீழைத்தேசத்திலிருந்த தன் அதிகாரிக்குக் கடிதம் எழுதினார். 15ஆம் நூற்றாண்டிலே பலெர்மோவைச் சுற்றிய சமவெளியில் கரும்பு பெரிய வியாபாரம். பின்னர் பிரேசிலிலும் கரிபியன் தீவுகளிலும் அடிமைகளின் உழைப்பில் மலிவாகச் சீனி வரத் தொடங்கியதும் சிசிலியின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. மேற்கே கடற்கரையில் இருக்கும் திரப்பெத்தோ என்ற ஊரின் பெயர் மட்டும் பழைய கரும்பு ஆலையை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

கரும்புத் தோட்டங்கள் போய்விட்டன. இனிப்புப் பழக்கம் போகவில்லை. ஆகவே பல்லைக் கெடுத்தவர்கள் யார் என்ற விசாரணையில் சீனி முதலாவது சந்தேகநபர்.

புழுவிலிருந்து கிருமி வரை

எங்கள் அம்மம்மாமார் சூத்தைப் பல்லைப் பூச்சி அரித்த பல் என்பார்கள். இது எங்களுடைய நம்பிக்கை மட்டுமல்ல. பபிலோனியர் காலத்திலிருந்தே பல்லுக்குள் புழு இருப்பதாக உலகம் நம்பியது. பிரெஞ்சுப் பல் வைத்தியர் பியர் ஃபோஷார் 1728இல் வெளியிட்ட நூலிலே அந்தப் புழுவைத் தான் காணவில்லை என்று மறுத்து, இனிப்புப் பண்டங்கள் பற்களுக்குக் கேடு என்று எச்சரித்தார்.

அதற்கு முன்பே 1683இல், ஒல்லாந்து நாட்டுத் துணி வியாபாரி அந்தோனி வான் லேவன்ஹூக், தானே செய்த உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் தன் பல்லிடுக்கிலிருந்து எடுத்த வெள்ளை அழுக்கை வைத்துப் பார்த்தார். அதற்குள் எத்தனையோ சின்ன உயிர்கள் ஓடித் திரிந்தன. அவை பற்றீரியாக்கள் என்று பின்னால் பெயர் பெற்றன. ஆனால் அவைதான் பல்லை அரிக்கின்றன என்று அவர் நினைக்கவில்லை.

அந்தத் தொடர்பைக் கண்டவர் அமெரிக்கரான வில்லோபி மில்லர். அவர் பேர்லின் நகரில், கிருமியியலின் தந்தைகளில் ஒருவரான ரொபேர்ட் கொக்கின் வழியில் ஆராய்ச்சி செய்தவர். 1890இல் ஆங்கிலத்தில் வெளிவந்த தன் நூலிலே, வாயில் உள்ள பற்றீரியாக்கள் மாச்சத்தையும் சீனியையும் புளிக்கவைத்து அமிலம் உண்டாக்குகின்றன, அந்த அமிலம் பல்லின் சுண்ணாம்பைக் கரைக்கிறது என்று விளக்கினார். ஆனால் இந்தக் கிருமிதான் என்று ஒன்றையும் அவர் சுட்டிக்காட்டவில்லை. அவருடைய கருத்தில் இது பலர் சேர்ந்து செய்த வேலை.

1924இல் இலண்டனில் கிலியன் கிளார்க் என்பவர் சூத்தைப் பற்களிலிருந்து ஒரு கிருமியைப் பிரித்தெடுத்தார். மணிகள் கோத்தது போன்ற உருண்டைக் கிருமி. அமிலத்தில் அது கொஞ்சம் நீண்டு உருமாறித் தெரிந்ததால், மாறியது என்ற பொருளில் ஸ்ரெப்ரோகொக்கஸ் மியூற்றன்ஸ் என்று பெயரிட்டார். இனி இதனை மியூற்றன்ஸ் என்றே சொல்லுவோம். கிளார்க்கின் கண்டுபிடிப்பு ஏறக்குறைய 35 ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது.

1954இல் அமெரிக்காவிலே, கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளுக்குச் சீனி நிறைந்த உணவு கொடுத்தார்கள். அவற்றுக்குச் சூத்தை வரவில்லை. சீனி மட்டும் குற்றவாளி அல்ல, கிருமியும் வேண்டும் என்பது இதனால் தெளிவானது. 1960இல் ரொபேர்ட் ஃபிற்ஸ்ஜெரால்ட்டும் போல் கீஸும் ஹாம்ஸ்ரர் என்ற எலியினத்தில் சூத்தை தொற்றக்கூடியது என்றும், ஒரு குறித்த வகை ஸ்ரெப்ரோகொக்கஸ் கிருமியைக் கொடுத்தால் அது வருகிறது என்றும் காட்டினார்கள். அதன் பிறகே மியூற்றன்ஸ் மீண்டும் சந்தேகப் பட்டியலுக்கு வந்தது.

மலையகத்து 480 பேர்

இந்த இடத்தில் எங்களவர் ஒரு பகுதியினர் இந்த வரலாற்றுக்குள் வருகிறார்கள். சூத்தை வேறு, முரசு நோய் வேறு என்பது உங்களுக்குத் தெரியும். முரசு வீங்கி, இரத்தம் கசிந்து, பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைந்து, கடைசியில் நல்ல பல்லே ஆடி விழுவது முரசு நோய். அதுவும் பல்லழுக்கில் வாழும் கிருமிகளால் வருவதுதான். ஆனால் அங்கே சந்தேகநபர்கள் வேறு.

நோர்வே நாட்டைச் சேர்ந்த ஹரால்ட் லோ என்ற பேராசிரியரும் அவருடைய குழுவினரும் 1970இல் இலங்கை மலையகத்தின் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதித்தார்கள். பல் வைத்தியத்தையே காணாதவர்களிடம் முரசு நோய் தன்போக்கில் எப்படி வளர்கிறது என்று அறிவது நோக்கம். 1971, 1973, 1977, 1982, 1985 என்று மீண்டும் மீண்டும் சென்றார்கள். 1985இல், முதலாவது பரிசோதனையில் இருந்தவர்களில் 161 பேரைப் பார்க்க முடிந்தது. முடிவுகள் 1986இல் வெளியாகின.

அந்தத் தொழிலாளர்களுக்குச் சூத்தைப் பல் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஆனால் எல்லோருடைய பல்லிலும் அழுக்கும் பற்காறையும் ஒரே மாதிரி நிறைந்திருந்தன; கிட்டத்தட்ட எல்லோருக்கும் முரசு வீங்கியிருந்தது. அப்படியானால் எல்லோருக்கும் பல் விழுந்திருக்க வேண்டும் அல்லவா? அப்படி நடக்கவில்லை. சுமார் 8 வீதமானோருக்கு நோய் மிக வேகமாக வளர்ந்தது. அந்தப் பிரிவினர் 35 வயதில் சராசரியாக 12 பற்களையும், 40 வயதில் 20 பற்களையும், 45 வயதில் எல்லாப் பற்களையும் இழந்திருந்தார்கள். 81 வீதமானோருக்கு நடுத்தரமான வேகம். மீதி 11 வீதமானோருக்கு முரசு வீக்கத்துக்கு அப்பால் நோய் நகரவே இல்லை.

உலகமெங்கும் பல் வைத்தியம் படிக்கும் மாணவர்கள் இன்றும் இந்த மூன்று எண்களையும் படிக்கிறார்கள். 2010இல் சுவிஸ் நாட்டுப் பேராசிரியர் ஒருவரின் தலைமையில் ஒரு குழு திரும்பிச் சென்று, அந்த 480 பேரில் 75 பேரைக் கண்டு பரிசோதித்தது. 40 ஆண்டுக் கதை 2017இல் வெளியானது. அந்தத் தொழிலாளர்களின் பெயர்கள் எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. வீதங்களாக மட்டுமே அவர்கள் வாழ்கிறார்கள். வைத்தியம் எட்டாத இடத்தில் இருந்தார்கள் என்பதே அவர்கள் ஆய்வுக்குத் தெரிவானதற்குக் காரணம். இதை நினைக்கையில் மனம் கொஞ்சம் கனக்கத்தான் செய்கிறது.

அவர்கள் உலகத்துக்குக் கற்றுத்தந்த பாடம் இதுதான்: கிருமி அந்த இடத்தில் நின்றது என்பது மட்டும் போதாது. எல்லோர் வாயிலும் அழுக்கு இருந்தது. எல்லோருக்கும் ஒரே கெடுதி நடக்கவில்லை.

1998இல் பொஸ்ரன் நகரில் சிக்மண்ட் சொக்ரன்ஸ்கி குழுவினர் 185 பேரின் வாயிலிருந்து 13,000க்கு மேற்பட்ட மாதிரிகளை எடுத்து ஆராய்ந்து, ஆழமான முரசு நோய் உள்ள இடங்களில் மூன்று கிருமிகள் சேர்ந்து நிற்கின்றன என்று காட்டினார்கள். அவற்றைச் சிவப்புக் கூட்டம் என்று அழைத்தார்கள். அந்த மூவரில் முக்கியமானது போர்பிரோமோனஸ் ஜிஞ்ஜிவாலிஸ். இது நல்ல சாட்சியம்தான். ஆனால் நேயர்களே, குற்றம் நடந்த இடத்தில் நின்றவர்களின் பட்டியல் அது. வீடு எரியும்போது அங்கே நிற்பவன் கொளுத்தியவனாகவும் இருக்கலாம், அணைக்க வந்தவனாகவும் இருக்கலாம். நின்ற இடத்துக்காகவும், யாரோ ஒருவன் தலையாட்டியதற்காகவும் பிடித்துச் செல்லப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

ஒன்றை மட்டும் நீக்கிப் பார்

அப்படியானால் குற்றத்தை நிரூபிப்பது எப்படி? 1988இல் ஸ்ரான்லி ஃபோல்கோ என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு விதியை எழுதினார். ரொபேர்ட் கொக் 1880களில் கிருமிக்குச் சொன்னதை ஃபோல்கோ பரம்பரையலகுக்குச் சொன்னார். பரம்பரையலகு என்பது உங்கள் பிள்ளைகள் ஜீன் என்று படிப்பது. தமிழ்நாட்டில் மரபணு என்பார்கள். விதி இதுதான்: ஒரு கிருமியின் குறித்த பரம்பரையலகுதான் நோயைத் தருகிறது என்று நீ சொன்னால், அந்த ஒன்றை மட்டும் நீக்கிப் பார். கெடுதி குறைய வேண்டும். பிறகு அதையே திரும்ப வைத்துப் பார். கெடுதி திரும்பி வர வேண்டும்.

கறி உறைக்கிறது என்றால், எந்தச் சரக்கு உறைக்கிறது என்று அறிய ஒவ்வொன்றாக விட்டுச் சமைத்துப் பார்ப்பது போல. ஆனால் மிளகாயை விடும்போது தவறுதலாக உப்பையும் கூட்டிவிட்டால், வந்த ருசிக்கு எது காரணம் என்று சொல்ல முடியாது. ஆகவே நீக்குவது மட்டும் போதாது. வேறொன்றையும் தொடாமல் நீக்க வேண்டும். இதைத்தான் விஞ்ஞானிகள் சுத்தமான நீக்கம் என்கிறார்கள்.

மியூற்றன்ஸ் இதற்கு வசதியான கிருமி. வெளியில் கிடக்கும் டீஎன்ஏ துண்டைத் தானே உள்ளே இழுத்து, தன்னுடையதோடு பொருந்தினால் சேர்த்துக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு. நிமோனியாக் கிருமியில் இந்தக் குணத்தை 1928இல் இலண்டனில் ஃபிரெடெரிக் கிரிஃபித் கண்டார். மாறியது டீஎன்ஏயால்தான் என்று 1944இல் நியூயோர்க்கில் ஒஸ்வால்ட் ஏவரி குழு காட்டியது. மியூற்றன்ஸில் 1981இல் பெரியும் ஹவார்ட் குரமிற்சுவும் இதனை நிகழ்த்திக் காட்டினார்கள். 2001இல் எங்களவர் பெருந்தொகையாக வாழும் ரொறன்ரோவின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பல்லழுக்கைப் போலப் படலமாக ஒட்டி வளரும்போது இந்தக் குணம் மேலும் கூடுகிறது என்று கண்டார்கள்.

முதலில் செய்த நீக்கங்கள் எளிமையானவை. வேண்டாத பரம்பரையலகின் இடத்திலே, அன்ரிபயோற்றிக் மருந்தைத் தாங்கும் வேறொரு பரம்பரையலகைச் செருகினார்கள். பிறகு கிருமிகளை அந்த மருந்துள்ள தட்டில் வளர்த்தால், மாற்றம் நடந்தவை மட்டும் பிழைக்கும். கோடிக்கணக்கான கிருமிகளுக்குள் மாறிய ஒன்றிரண்டைக் கண்டுபிடிக்க இது அருமையான வழி.

இந்த வழியில் கிடைத்த ஒரு முடிவு முக்கியமானது. மியூற்றன்ஸிடம் சீனியிலிருந்து பசை செய்யும் நொதியங்கள் இருக்கின்றன. நாங்கள் சாப்பிடும் சீனியை உடைத்து, அதில் ஒரு பாதியைச் சங்கிலியாகக் கோத்து, பல்லோடு ஒட்டிக்கொள்ளும் பசையாக்கும். 1993இல் குரமிற்சுவும் வில்லியம் போவனும் அவர்களுடைய குழுவினரும், இந்த நொதியங்களுக்கான பரம்பரையலகுகள் செயலிழந்த கிருமிகளை எலிகளுக்குக் கொடுத்தபோது, பல்லின் வழுவழுப்பான பக்கங்களில் சூத்தை நன்றாகக் குறைந்தது. கிருமி இருந்தது, சீனியும் இருந்தது; இரண்டையும் இணைக்கும் பசை இல்லை. கெடுதி குறைந்தது.

தழும்பு விடாத வெட்டு

ஆனால் இந்த முறையில் மூன்று குறைகள் இருந்தன.

ஒன்று, பற்றீரியாவின் பரம்பரையலகுகள் பல இடங்களில் புகையிரதப் பெட்டிகள் போல ஒன்றன்பின் ஒன்றாகக் கொழுவப்பட்டு, ஒரே கட்டளையில் ஓடுபவை. நடுவில் ஒரு பெட்டியைக் கழற்றி வேறொரு பெட்டியைச் செருகினால், பின்னால் வருபவையும் நின்றுவிடலாம், அல்லது அளவுக்கு மீறி ஓடலாம். பிறகு எந்தப் பெட்டி இல்லாததால் இது நடந்தது என்று எப்படிச் சொல்வது?

இரண்டு, ஒவ்வொரு நீக்கத்துக்கும் ஒவ்வொரு மருந்து அடையாளம் தேவை. பயன்படுத்தக்கூடிய அடையாளங்கள் சில மட்டுமே. நாலைந்து பரம்பரையலகுகள் கூட்டாகச் செய்யும் வேலையை ஆராய அவை போதாது.

மூன்று, மருந்தைத் தாங்கும் கிருமியை எந்த மனிதரின் வாயிலும் வைக்க முடியாது. அந்தக் குணம் வேறு கிருமிகளுக்குத் தாவினால் எங்கள் மருந்துகளே பயனற்றுப் போகும்.

ஆகவே தழும்பு விடாமல் வெட்டும் வழியைத் தேடினார்கள். 2002இல் மியூற்றன்ஸின் முழுப் பரம்பரைச் செய்தியும் ஒக்லஹோமாவில் வாசித்து முடிக்கப்பட்டது: ஏறத்தாழ 20 இலட்சம் எழுத்துகள், சுமார் 1960 பரம்பரையலகுகள். எங்கே வெட்ட வேண்டும் என்ற வரைபடம் கிடைத்துவிட்டது. இனிக் கத்தி வேண்டும்.

அந்தக் கத்தி இரண்டு கட்டமாக வேலை செய்கிறது. முதற் கட்டத்தில் பழைய முறைபோலவே ஒரு செருகலை வைப்பார்கள். ஆனால் அந்தச் செருகலுக்குள் இரண்டு பொருட்கள் இருக்கும். ஒன்று, மருந்தைத் தாங்கும் பரம்பரையலகு. செருகல் உள்ளே போனவற்றை இது காட்டித்தரும். மற்றது, ஒரு குறித்த பொருளைக் கொடுத்தால் தன்னை வைத்திருக்கும் கிருமியையே கொல்லும் பரம்பரையலகு. இரண்டாம் கட்டத்தில், நீக்க வேண்டிய இடத்தின் இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் நேராக ஒட்டிய டீஎன்ஏ துண்டைக் கொடுப்பார்கள். கிருமி அதைப் பொருத்திக்கொண்டால் செருகல் முழுவதும் வெளியே விழுந்துவிடும். இப்போது அந்தக் கொல்லும் பொருளுள்ள தட்டில் வளர்த்தால், செருகலை வைத்திருப்பவை சாகும்; அதைக் கழற்றியவை பிழைக்கும். பிழைத்த கிருமியில் மருந்து அடையாளம் இல்லை, செருகல் இல்லை. பரம்பரையலகு இருந்த இடத்தில் இரு ஓரங்களும் தையல் தெரியாமல் சேர்ந்திருக்கும். டீஎன்ஏ மூன்று மூன்று எழுத்தாக வாசிக்கப்படுவதால், அந்தக் கணக்குப் பிசகாமல் வெட்டுவதிலும் கவனமாக இருப்பார்கள். அடுத்த நீக்கத்துக்கு அதே செருகலை மீண்டும் பயன்படுத்தலாம்.

மியூற்றன்ஸுக்கு இந்த வகையான முறை ஒன்று 2007இல் வெளியானது. 2008இல் கன்சாஸ் மருத்துவ நிலையத்தில் பானர்ஜி, பிஸ்வாஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வேறொரு வழியைக் காட்டினார்கள். ஒரு வைரசிடமிருந்து பெற்ற வெட்டும் நொதியத்தால் அடையாளத்தைக் கத்தரித்து எடுத்தார்கள். 34 எழுத்து நீளமான சிறு தழும்பு மட்டும் மிஞ்சும். 2011இல் ஜஸ்ரின் மெரிற் குழுவினர் ஒக்லஹோமாவிலிருந்து வெளியிட்ட முறை இன்னும் எளிதானது. அவர்களுடைய செருகலில் உள்ள பரம்பரையலகு, கிருமி புரதம் செய்யும் இடத்தில் காவலாளியை ஏமாளியாக்கிவிடும். போலியான அமினோ அமிலம் ஒன்றைக் கொடுத்தால், அதை உண்மையானது என்று நம்பிப் புரதத்துக்குள் சேர்த்துக் கிருமி செத்துப்போகும். செருகல் இல்லாத கிருமி அந்தப் போலியை ஏற்பதில்லை; உயிர் தப்பும்.

இதிலே ஒரு வேடிக்கை சொல்கிறேன். வேறு பல பற்றீரியாக்களில் இந்தக் கொல்லும் பொருளாகப் பயன்படுவது வேறொன்றுமல்ல, நாங்கள் தேத்தண்ணியில் போடும் சீனிதான். மண்ணில் வாழும் ஒரு பற்றீரியாவிடமிருந்து எடுத்த பரம்பரையலகைச் செருகினால், சீனி அந்தக் கிருமிகளுக்கு நஞ்சாகிவிடும். இளவயதினரின் முரசு நோயோடு தொடர்புடைய ஒரு கிருமிக்கு 2013இல் வெளியான முறை இந்த வழியில் அமைந்தது. பல்லைக் கெடுக்கும் விசாரணையில் முதலாவது சந்தேகநபராக நின்ற சீனி, இங்கே விசாரணை அதிகாரிக்கு உதவியாளனாகிவிட்டது.

பின்னர் 2012இல் உலகம் அறிந்த கிறிஸ்பர் என்ற கத்தரிக்கோல் வந்தது. அது எடுக்கப்பட்டதும் தொண்டைப் புண் தரும் ஸ்ரெப்ரோகொக்கஸிடமிருந்துதான். மியூற்றன்ஸுக்கு அது ஒன்றுவிட்ட சகோதரம். இன்று மியூற்றன்ஸிலும் அந்தக் கத்தரிக்கோலைப் பயன்படுத்துகிறார்கள்.

முத்தத்தில் போகும் கிருமி

அப்படியானால் கெடுதி செய்யாத மியூற்றன்ஸையே செய்து வாயில் வைத்துவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். புளோரிடாவில் ஜெஃப்ரி ஹில்மன் அதைத்தான் முயன்றார். மியூற்றன்ஸின் அமிலம் உண்டாக்கும் பரம்பரையலகை நீக்கினார். அது இல்லாமல் கிருமி பிழைக்காது என்பதால், வேறொரு பற்றீரியாவின் மதுசாரம் உண்டாக்கும் பரம்பரையலகைச் சேர்த்தார். தன் இனத்தைச் சேர்ந்த மற்றக் கிருமிகளை விரட்டும் ஒரு பொருளையும் அந்தக் கிருமி சுரக்கும். 2000இல் வெளியான ஆய்வின்படி, எலிகளில் இது மிகக் குறைவாகவே சூத்தை உண்டாக்கியது.

எனினும் இது அமெரிக்க மருந்து அதிகாரசபையின் அனுமதி பெற்ற மருந்தாக வரவில்லை. தயக்கத்துக்குக் காரணம் உண்டு. ஒரு வாயில் வைத்த கிருமி அந்த வாயோடு நிற்காது. கரண்டியிலும் முத்தத்திலும் அடுத்த வாய்க்குப் போகும். தாய் சம்மதித்தாலும் பிள்ளை சம்மதித்ததாகுமா? தோட்டத் தொழிலாளரின் கதையைக் கேட்ட எங்களுக்கு இந்தக் கேள்வி சின்னக் கேள்வியல்ல.

முரசு நோயிலும் விசாரணை எதிர்பாராத முடிவைத் தந்தது. 2011இல் ஜோர்ஜ் ஹஜிஷெங்கலிஸ் குழுவினர் எலிகளில் செய்த ஆய்வில், ஜிஞ்ஜிவாலிஸ் மிகச் சிறு தொகையில் இருந்தாலே மற்றக் கிருமிகளின் ஒழுங்கைக் குழப்பி எலும்பைக் கரைத்தது. ஆனால் வேறு கிருமிகளே இல்லாத எலியின் வாயில் அதைத் தனியாக விட்டபோது எலும்பு கரையவில்லை. பெரும்பான்மையாக நின்றவை தாமாகக் கெடுக்கவில்லை. குழப்பியதும் தனியே நின்று கெடுக்கவில்லை. நூறு ஆண்டுகளுக்கு முன் மில்லர் சொன்னது முழுப் பிழையல்ல என்பது இப்போது புரிகிறது.

அந்தத் தாய்க்கு என் பதில்

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருகிறேன்.

தங்கச்சி, கிருமி உங்களிடமிருந்து பிள்ளைக்குப் போயிருக்கலாம். அது உண்மை. ஆனால் அதே கரண்டியால் தீத்திய எத்தனையோ தாய்மாரின் பிள்ளைகளுக்குப் பல் பழுதாகவில்லை. கிருமி அங்கே இருந்தது என்பது குற்றம் அல்ல. ஒன்றொன்றாக நீக்கிப் பார்த்த ஆய்வாளர்கள் கண்டது இதுதான்: கிருமி, சீனி, இரண்டையும் பல்லில் ஒட்டவைக்கும் பசை, அமிலம் நிற்கும் நேரம், இவையெல்லாம் சேர்ந்தால்தான் பல் கரைகிறது. அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியை எடுத்தால் போதும், கெடுதி குறையும்.

ஆய்வுகூடத்தில் அவர்கள் பரம்பரையலகை நீக்குகிறார்கள். வீட்டில் எங்களால் நீக்கக்கூடியது சீனியின் தடவைகள். ஒருநாளில் எவ்வளவு சாப்பிட்டோம் என்பதோடு, எத்தனை தரம் சாப்பிட்டோம் என்பதும் முக்கியம். ஒவ்வொரு தடவையும் வாய் அமிலமாகிறது. எச்சில் அதைச் சரிசெய்ய நேரம் தேவை. மணிக்கொரு பிஸ்கற், படுக்கையில் இனிப்புப் பால் என்று கொடுத்தால் அந்த நேரம் கிடைப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டலில், உணவிலிருந்து கிடைக்கும் சக்தியில் சேர்க்கப்பட்ட சீனி போன்றவற்றின் பங்கு 10 வீதத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும், 5 வீதத்துக்குக் குறைந்தால் இன்னும் நல்லது என்று சொல்லியிருக்கிறது. அதோடு புளோரைட் உள்ள பற்பசையால் இரண்டு நேரம் பல்லுத் தீட்டுவது. வேப்பங்குச்சியும் ஆலங்குச்சியும் எங்கள் முன்னோருக்குப் பழக்கம் தந்தன. அந்தப் பழக்கத்தைத் தூரிகையோடு தொடர்வோம்.

நவம்பர் 2இல் சீனிப் பொம்மை வாங்கிக் கொடுங்கள். இந்த ஊரின் ஆயிரம் ஆண்டுக் கதை அதற்குள் இருக்கிறது; பிள்ளைக்கு அதையும் சொல்லிக் கொடுங்கள். ஆனால் அதை ஒரு வாரம் முழுக்க நக்கிக்கொண்டு திரிய விடாதீர்கள். சாப்பாட்டோடு சேர்த்து ஒருமுறை கொடுத்து, பல்லைத் தீட்டிப் படுக்கவையுங்கள். அவ்வளவுதான். உங்களை நீங்களே குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம்.

அடுத்த மாதம் இன்னொரு உரையோடு சந்திப்போம்.